விதைக்காமல் வந்த விருந்தினர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து இளவெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில், எங்கள் பள்ளித் தோட்டத்தில் யாரும் விதைக்காத செடிகள் தலைகாட்டும். ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் பாத்தி உண்டு, எரு உண்டு. இவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் பூக்கின்றன!

ஆண்டு விழாவுக்கு முன் மதிலோரத்தைத் துப்புரவு செய்யும் பணி எங்கள் வகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. "எல்லாம் களைதானே, பிடுங்கிவிடலாம்" என்றனர் சிலர். "பெயரே தெரியாமல் எப்படியம்மா களை என்று சொல்வீர்கள்?" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. நோட்டும் பென்சிலும் லென்ஸுமாகப் புறப்பட்டோம்.

முதலில் கண்டது தும்பை. சதுரத் தண்டு, கொத்துக் கொத்தாய் வெண்பூக்கள். பண்டை வீரர் போருக்குச் சூடியதாகத் தமிழ் வகுப்பில் படித்த பூ இத்தனை சிறியதா என்று வியந்தோம். அடுத்து கீழாநெல்லி. இலைகளின் கீழே வரிசையாகக் குட்டிக் காய்கள் தொங்குவது இதன் அடையாளம். மஞ்சட்காமாலைக்கு நாட்டு மருந்தாகக் கொடுப்பார்கள் என்றார் தோட்டக்கார அம்மா. குப்பைமேனியின் வேரைப் பூனைகள் விரும்பித் தேடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. வெட்டுக்காயப் பூண்டை லென்ஸில் பார்த்தோம். ஒற்றைப் பூவென்று நினைத்தது பல சிறு பூக்களின் கூட்டம்! ஓரத்து வெள்ளை இதழ்களின் நுனி மூன்றாகப் பிளந்திருந்தது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து நம் மண்ணில் நிலைத்த செடி இது.

அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இன்னொன்றும் அங்கே நின்றது. கேரட் இலை போன்ற இலை, சின்னஞ்சிறு வெண்பூ. அதுதான் பார்த்தீனியம். 1950களில் புனேயில் காணப்பட்டு நாடெங்கும் பரவியது. தோல் அரிப்பையும் இளைப்பையும் உண்டாக்கக்கூடியது. எங்களுள் ஒருத்திக்கு இளைப்பு உண்டு. ஆகவே கையுறை அணிந்து, விதை உதிருமுன் வேரோடு களைந்தோம்.

மற்றவற்றை என்ன செய்வது? விருந்தினர் வரும் வழி அழகாக இருக்க வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் எழுந்தது. பட்டியலோடு தலைமைச் சகோதரியிடம் சென்றோம். கோதுமையோடு களையையும் அறுவடைவரை வளரவிடச் சொன்ன ஆண்டவரின் உவமையை அவர் நினைவூட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் தாவரக் காப்பகத்தைத் தொடங்கி, தமிழகச் செடிகொடிகளை ஆராய்ந்து பெருநூல்கள் எழுதிய அருட்தந்தை கே. எம். மத்தேயு பற்றியும் கூறினார். முன்வழியில் பூந்தொட்டிகள் வைக்கலாம், கிணற்றடிப் பகுதி அப்படியே இருக்கட்டும் என்பது அவரது தீர்ப்பு.

இன்று அங்கே ஒவ்வொரு செடியருகிலும் பெயர் எழுதிய அட்டை நிற்கிறது. அழகான பார்த்தீனியப் பூ தீங்கு செய்வதும், மிதிபடும் கீழாநெல்லி மருந்தாவதும் பெயரறிந்த பின்னரே எங்களுக்கு விளங்கின. மனிதரையும் அவ்வாறே அறிந்த பிறகு அல்லவா எடைபோட வேண்டும்?

அன்புத் தங்கையரே, அடுத்த மழைக்கு இத்தோட்டம் உங்கள் பொறுப்பு. பிடுங்குமுன் பெயரைக் கேளுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர்