காத்திருப்பவருக்குத்தான் பயம்!

கேப்டவுன் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் “டேபிள் மவுன்டன் பாத்தீங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். கேபிள் காரில் ஏறி, போட்டோ எடுத்து, இறங்கியாயிற்று. ஆனால், மனசில் நிற்பது அது இல்லை. நகரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டியே ஓடும் ரயில் பாதையில் வருகிற கால்க் பே என்ற சின்ன மீன்பிடி ஊரும், அதன் தலைக்கு மேலே மலையில் இருக்கும் குகைகளும்தான்.

‘கால்க்’ என்றால் டச்சு மொழியில் சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் இந்தக் கடற்கரையில் கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டு, வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர் கிளிஞ்சல் சுண்ணாம்பேதான்! மகன் இதைச் சொன்னபோது, பொங்கலுக்குப் பொங்கல் நானும் என் கணவரும் வெள்ளையடித்த பாளையங்கோட்டை வீடு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வீடுதான் அப்போது எங்களுக்குள் பெரிய பேச்சாக இருந்தது.

என் கணவர் போன வருஷம் ஆடி மாதம் தவறிப்போனார். குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் விமானம் பிடித்து வந்துசேர ஒன்றரை நாள் ஆனது. அதிலிருந்தே அவனுக்கு ஒரே பிடிவாதம். “அம்மா, இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம். வீட்டை வித்துட்டு எங்ககூடவே வந்துடுங்க. விசாவுக்கு என்ன செய்யணுமோ நான் செய்றேன்.” வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டான். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நானோ 90 நாள் விசாவில் வந்து, 70 நாள் கழிந்த பிறகும் ‘பாக்கலாம்யா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அங்கே அது வசந்த காலம். மகன், மருமகள், 11 வயதுப் பேத்தி, 67 வயதில் முழங்கால் வலியோடு நான். “ஆச்சி, மெதுவா ஏறினாப் போதும்” என்று ரெண்டு ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டாள் பேத்தி.

போகும் வழியில், பாய்ஸ் டிரைவ் என்ற மலைச்சாலையில் காரை நிறுத்தினான் மகன். கீழே மியூசன்பர்க் கடற்கரை. அலையில் நூற்றுக்கணக்கானவர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். சாலையோரம் ஒருவர் கண்ணில் விசேஷக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுறா வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலையாம்! 2004 முதல் இப்படிக் காவல் இருக்கிறார்கள். பச்சைக் கொடி என்றால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சுறா இல்லை. கறுப்பு என்றால் தண்ணீர் தெளிவாகத் தெரியவில்லை. சிவப்பு என்றால் உஷார். சுறா படம் போட்ட வெள்ளைக் கொடி ஏறி, சைரனும் ஒலித்தால் எல்லோரும் கரைக்கு ஓடி வந்துவிட வேண்டும். பேத்தி எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

“இவ்வளவு பயம் இருந்தா கடல்ல இறங்காம இருக்கலாமே?” என்றேன்.

“அப்புறம் எதுக்கு ஆச்சி கடலு?” என்றாள் அவள்.

கால்க் பேக்கு மேலே, அதே சாலையிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. முதலில் படிகள். அதுதான் கஷ்டம். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். நிற்பதற்கு நல்ல சாக்கு இருந்தது, திரும்பினால் கடல். கீழே துறைமுகத்தில் படகுகள் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தன. அந்த வளைகுடாவுக்கு ஃபால்ஸ் பே என்று பெயர். கிழக்கிலிருந்து வந்த மாலுமிகள் வேறொரு முனையைக் கேப் முனை என்று நினைத்து, தப்பாக உள்ளே திரும்பிவிடுவார்களாம். அதனால்தான் ‘பொய் வளைகுடா’. தூரத்தில் ஒரு திமிங்கிலம் தண்ணீரைப் பீய்ச்சியது. நான் பார்ப்பதற்குள் முங்கிவிட்டது. பிறகு பொறுமையாக நின்று, இரண்டாம் முறை பார்த்தேன்.

படி முடிந்தால் பள்ளத்தாக்கில் ஒரு குட்டிக் காடு. மரப்பலகை போட்ட நடைபாதை. ஓடைத் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் ஓடுகிறது. அழுக்கு இல்லை, செடிகொடிகளின் சாறு இறங்கிய நிறம். அந்தக் காட்டின் பெயர் ஸ்பெஸ் போனா. லத்தீனில் ‘நன்னம்பிக்கை’ என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் படித்த நன்னம்பிக்கை முனை இந்தப் பக்கம்தானே!

காட்டைத் தாண்டினால் பாறைகள். பொதுவாகச் சுண்ணாம்புப் பாறையில்தான் குகைகள் அதிகம். அது தண்ணீரில் கரையும். இந்த மலையோ மணற்பாறை. டேபிள் மவுன்டனும் இதே பாறைதான். வயது 40 கோடி வருஷங்களுக்கும் மேல். மணல் சுலபத்தில் கரையாது. ஆனால், மழைத் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி, மணலை ஒட்டி வைத்திருக்கும் பசையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. மணல் உதிர்ந்து உதிர்ந்து, வெடிப்பு ஒரு நாள் குகையாகிவிடுகிறது. இப்படிச் சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட குகைகள். சுவரைத் தொட்டால் விரலில் மணல் ஒட்டியது. திருச்செந்தூர் வள்ளி குகைக்குக் குனிந்து நுழைந்தது நினைவுக்கு வந்தது. அங்கேயும் வாசலில் கடல்தான்.

நாங்கள் போன குகையின் பெயர் பூம்ஸ்லாங். “அப்படின்னா?” என்றேன். மரத்தில் வாழும் ஒரு விஷப் பாம்பின் பெயராம்! முன்னாலேயே சொல்லியிருந்தால் வந்தே இருக்க மாட்டேன். நூறு மீட்டருக்கும் மேல் நீளம். சில இடத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும். மகனும் பேத்தியும் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டார்கள். கையில் இன்னொரு டார்ச். நானும் மருமகளும் வாசலுக்குப் பக்கத்தில், கடல் தெரிகிற பாறையில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் பேத்தியின் சிரிப்பு கேட்டது. அப்புறம் வெளிச்சம் மறைந்தது. சத்தமும் நின்றது.

அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். கண்ணெதிரே அவ்வளவு பெரிய கடல். என் கண் அந்த இருட்டிலேயே இருந்தது. ‘பாறை விழுந்தால்? பிள்ளை மாட்டிக்கொண்டால்?’ எழுந்து போய் வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

“வந்துடுவாங்க அத்தை, உட்காருங்க” என்றாள் மருமகள். பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். “உங்க பிள்ளை தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு எழுந்து போனைப் பாப்பாரு. நம்ம ஊர்ல அப்ப விடிஞ்சிருக்கும்ல... உங்ககிட்டருந்து மெசேஜ் வந்திருக்கான்னு பாப்பாரு. நீங்க இங்க வந்த பிறகுதான் அத்தை தூங்கறாரு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டை விற்கச் சொல்வது எனக்காக என்றுதான் இத்தனை நாள் அவன் சொன்னான். அவனுக்காகவும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. உள்ளே போனவர்கள் விளக்கும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பயமெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்!

இருபது நிமிஷம் கழித்து இருவரும் உடம்பெல்லாம் மணலோடு வந்தார்கள். தயிர்சாதம் சாப்பிட்டோம். பேத்தியைக் கொஞ்சம் தள்ளி விளையாட அனுப்பிவிட்டு மகனிடம் சொன்னேன்.

“ஐயா, வீட்டை விக்க வேண்டாம். நான் ஊருக்குப் போறேன். வருஷத்துக்கு மூணு மாசம் இங்க வந்து இருக்கேன்.”

அவன் முகம் சுருங்கியது. “அங்க உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா செய்வேன்? அப்பாவுக்கு நடந்த மாதிரி...” மேலே பேச முடியாமல் கடலைப் பார்த்தான்.

“கீழ கொடி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே, அவரு யாரையும் குளிக்க வேண்டாம்னு சொல்லலியே. பாத்துக்கிட்டுதானே இருக்காரு. நீயும் பாத்துக்கோ. எப்படிப் பாக்கணும்னு ஒரு ஏற்பாடு பண்ணிக்குவோம்.”

உடனே அவன் சரி என்று சொல்லிவிடவில்லை. இறங்கும்போது பாதி தூரம் பேசவே இல்லை. படிகள் வந்ததும் கையை நீட்டினான். இறக்கம் முழங்காலுக்கு ஆகாது, பிடித்துக்கொண்டேன். “குளியலறையில முதல்ல கைப்பிடி போடணும்” என்றான். அப்போதே தெரிந்தது, பாதி சம்மதம் வந்துவிட்டது என்று.

உங்களில் யாராவது அங்கே போவதாக இருந்தால் சில விஷயங்கள்: தனியாகப் போகாதீர்கள்; நாலு பேராகப் போவதே பாதுகாப்பு. வெயில் அடித்தாலும் காற்றைத் தாங்கும் ஒரு மேல்சட்டை வேண்டும். குகைக்குள் நுழைபவர்கள் ஆளுக்கு இரண்டு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், நெருப்பு மூட்டாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், காடு வரை போய்த் திரும்பினாலும் கடல் தெரியும்.

இதை பாளையங்கோட்டையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று, வழுக்காத டைல்ஸும் மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். தினமும் காலை 10 மணிக்கு நான் மகனுக்கு வீடியோ கால் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கே அப்போது மணி 6.30. அவன் எழுந்திருக்கும் நேரம்.

மருமகளிடம் கேட்டேன். இப்போது ராத்திரியில் எழுந்திருப்பது குறைந்திருக்கிறதாம், முழுசாக நிற்கவில்லையாம். 10 மணி தாண்டி அஞ்சு நிமிஷம் ஆனால் அவனே கூப்பிட்டுவிடுகிறான். “காய்கறிக்காரர்கிட்ட பேசிட்டிருந்தேன்யா” என்று பொறுமையாகப் பதில் சொல்கிறேன். அந்தக் குகை வாசலில் நான் உட்கார்ந்திருந்தது வெறும் இருபது நிமிஷம். அவன் தினமும் உட்கார்ந்திருக்கிறான்.