சித்தப்பாவின் சாவு விபத்து இல்லையாம்!

டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் நாலைந்து குற்றச் செய்திகள் எழுதுவேன். 'நகைக்காகக் கொலை', 'வழிமறித்துக் கொலை' என்று தலைப்பு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்ததே இல்லை, என் சித்தப்பாவே அப்படியொரு செய்தியாகும் வரை.

எங்களுக்குக் குன்னம் பக்கம். அறுவடை சமயத்தில் மக்காச்சோளத்தை ரோட்டோரம் காயவைத்து, ராத்திரி காவலுக்குப் படுப்பார்கள். அப்படிப் படுத்திருந்தவர், பைக்கைத் திருட வந்தவர்களைத் தடுத்திருக்கிறார். கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சித்தி பாஸ்புக்கை எடுத்து நீட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்திருந்தார்கள். பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா, 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. வங்கிக்குப் போனோம்.

"விபத்துன்னா வண்டி மோதி சாகுறதும்மா. இது கொலை கேஸு, வராது" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். சித்தி ஒன்றும் பேசாமல் பாஸ்புக்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் திட்டத்தின் கேள்வி-பதில் பகுதியைத் தேடிப் படித்தேன். தற்கொலைக்குப் பணம் கிடையாது, கொலைக்கு உண்டு என்று தெளிவாகவே இருந்தது. சம்பவம் நடந்த 30 நாள்களுக்குள் விண்ணப்பம் தருவது நல்லது. எங்களுக்கு ஆறு நாள்கள்தான் மிச்சம்.

பழைய தீர்ப்பு ஒன்றும் கண்ணில் பட்டது. 1995-ல் நாகாலாந்தின் திமாப்பூரில் சவாரிக்கு ஏறியவர்கள் ஓட்டுநரைக் கொன்றுவிட்டு ஆட்டோவைக் கொண்டுபோனார்கள். ரீத்தா தேவி வழக்கு என்பார்கள். கொல்வதே நோக்கமாக இருந்தால் அது வெறும் கொலை. திருட வந்த இடத்தில் நேர்ந்த கொலை என்றால் அது விபத்துதான் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த இழப்பீட்டு வழக்கு. என்றாலும், தனிநபர் விபத்து பாலிசி தகராறுகளிலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடுகிறார்கள்.

மறுநாள் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழோடு மேனேஜரையே பார்த்தோம். படித்துவிட்டு, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். சில மாதங்கள் அலைந்தபின் பணம் வந்தது.

உங்கள் வீட்டுப் பாஸ்புக்கிலும் அந்த 20 ரூபாய் இருக்கிறதா, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வாய்வார்த்தையாக 'வராது' என்றால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தால், முதலில் அவர்களிடமே எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பணம் ஏறிய அன்று சித்தி கேட்டார்: "அப்போ உங்க சித்தப்பா விபத்துலதான் செத்தாருன்னு எழுதிட்டாங்களா தம்பி?"

"காப்பீட்டுக்கு மட்டும் அப்படி, சித்தி. கோர்ட்ல கொலை கேஸுதான்" என்றேன்.

"அது போதும்" என்றார்.