ஏழு ஆடுகள்

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரச் சதுக்கத்தில், ஆளுநர் மாளிகை எனப்படும் பழைய மண்கட்டிடத்தின் தாழ்வாரத்தில், பூர்வகுடிக் கைவினைஞர்கள் சுவரோரம் துணி விரித்துத் தங்கள் நகைகளைப் பரப்பி அமர்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு நவஹோ மூதாட்டியின் விரிப்பில், கல் எதுவும் பதிக்காத அகலமான வெள்ளிக் காப்பு ஒன்றைக் கண்டேன்.

அதில் ஒரு முழு நாள் இருந்தது. மண்ணும் மரமும் கொண்டு கட்டிய ஹோகன் வீடு, தறியின் முன் ஒரு பெண், குதிரை வண்டி, தட்டையான உச்சி கொண்ட குன்றுகள், ஏழு ஆடுகள். இரண்டு வெள்ளித் தகடுகளில் மேல்தகட்டில் சித்திரத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, அதைக் கீழ்த்தகட்டின்மீது பற்றவைத்து, பள்ளங்களைக் கறுப்பாக்கி, மேற்பரப்பை மெருகேற்றுகிறார்கள். ரம்பம் சற்றே விலகினாலும் ஆட்டின் கால் போய்விடும்.

விலையைக் கேட்டதும் பழக்கதோஷத்தால், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. காப்பைத் திருப்பி ஆடுகளைக் காட்டினார். "இவற்றை ஏற்கனவே ஒருமுறை குறைத்துவிட்டார்கள். என் பாட்டியின் கண்ணெதிரில்" என்றார். எனக்குப் புரியவில்லை. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

பிறகு வாசித்தபோதுதான் அச்சொல்லின் கனம் தெரிந்தது. 1930களில் அமெரிக்க அரசு நவஹோக்களின் மந்தைகள்மீது நடத்திய நடவடிக்கையின் பெயரே 'கால்நடைக் குறைப்பு'. மேய்ச்சலால் மண் அரித்து, கொலராடோ ஆற்றில் எழும்பிய பெரும் அணையில் வண்டல் சேரும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பல இடங்களில் ஆடுகளைச் சுட்டு, அப்படியே அழுக விட்டார்கள். அது முதல் முறையும் அல்ல. 1863-64இல் ராணுவம் அவர்களுடைய வயல்களை எரித்து, மந்தைகளை அழித்து, ஆயிரக்கணக்கானோரை போஸ்கே ரெடோண்டோவுக்கு நடத்திச் சென்று அடைத்தது. 1868 ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பியவர்களுக்கு 15,000 ஆடுகள் வாங்கித்தருவதாக வாக்களிக்கப்பட்டது. அந்த ஆடுகளிலிருந்து மீண்டும் மந்தை பெருக்கியவர்களிடமிருந்துதான் அவை இரண்டாம் முறை பறிக்கப்பட்டன. வெள்ளித்தொழில் அவர்களிடையே பரவலாக வேரூன்றியதும் ஊர் திரும்பிய பின்னரே. ஆரம்பத்தில் நாணயங்களை உருக்கியே நகை செய்தார்கள்.

அழகிய கிராமக் காட்சி என்றுதான் நான் அதைக் கையில் எடுத்திருந்தேன். இழந்தவற்றின் கணக்காகவும் அது இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. பேரம் பேசிய என் குரல் இன்றும் என்னைக் கூசவைக்கிறது.

காப்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதன் உட்புறம் 'ஸ்டெர்லிங்' முத்திரையின் அருகே, அவர் பெயரின் முதலெழுத்துகள் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வரும் நண்பர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். முதலில் ஆடுகளை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.