ஜெயிச்சுட்டு வா, பாக்கலாம்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். வெள்ளி விழாச் சந்திப்புக்கு வசூலான பணத்தில் விருந்து, சால்வை செலவு போக மீதியில், விளையாட்டு மைதானத்துக்கு என் பெயரில் ஒரு நுழைவு வளைவு கட்டலாம் என்று. படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கணக்கு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். 11 வருஷம் பள்ளியின் விளையாட்டு நிதி நோட்டையும் நான்தான் எழுதினேன் என்பது பலருக்குத் தெரியாது. வருஷா வருஷம் அதில் வந்த செலவுகள் இவைதான்: விளையாட்டு விழாப் பந்தல், மைக் செட், கோப்பைகள், சிறப்பு விருந்தினருக்கு மாலை, டிபன். ஓடுகிற பிள்ளைக்கு முட்டை, பஸ் காசு என்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. வரவும் செலவும் பைசா பிசகாமல் பொருந்தும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்போது முந்தல் பக்கமிருந்து ஒரு பிள்ளை படித்தாள். பெயர் சொல்ல மாட்டேன். அவள் அம்மா விடிவதற்கு முன்னாலேயே ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போவார். மேடு ஏறி இறங்கியே பழகிய கால் அந்தப் பிள்ளைக்கு. 800 மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள், அதுவும் வெறுங்காலில்.

பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அந்தத் தீபாவளி லீவில் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், காலேஜ்களுக்கு நடுவுல போட்டி வருது. ஸ்பைக் ஷூ வேணுமாம். போக வர செலவ மொதல்ல நாம போட்டுக்கணுமாம், பின்னாடி தருவாங்களாம். நம்ம ஸ்கூல் நிதியில ஏதாச்சும் கிடைக்குமா சார்?" என்று கேட்டாள்.

நிதியில் பணம் இருந்தது. கல்லூரிக்குப் போன பிள்ளைக்குக் கொடுக்க விதி இடம் தராது. என் சட்டைப் பையிலும் பணம் இருந்தது, அதற்கு எந்த விதியும் கிடையாது. ஆனாலும் நான் சொன்னது, "நீ ஜெயிச்சுட்டு வாம்மா, பாக்கலாம்."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள். அந்தப் போட்டிக்கு அவள் போகவில்லை. அடுத்த வருஷம் ஒரு விடியற்காலை, அம்மாவுடன் அதே ஜீப்பில் அவளைப் பார்த்தேன். எனக்கு வணக்கம் வைத்தாள்.

ஓய்வு பெற்றபின் விளையாட்டுச் செய்திகளை நிறையப் படிக்கிறேன். நான் அன்று சொன்னதைத்தான் பெரிய இடங்களிலும் சொல்கிறார்கள் என்று புரிகிறது. முதலமைச்சர் கோப்பையில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். கேலோ இந்தியாவில் தேர்வானவர்களுக்குக் கைச்செலவுக்கு மட்டும் மாதம் 10,000 ரூபாய். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜெயித்தவர்களுக்கும், ஜெயிப்பார்கள் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும்தான் அந்தப் பணம் போகிறது.

பணம் போட்டால் பதக்கம் வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு ஒரே ஒரு தங்கம், 36ஆம் இடம். அடுத்த வருஷம் முதல் லாட்டரிப் பணத்தை விளையாட்டில் போட்டார்கள். 2000 சிட்னியில் 11 தங்கம், 2012 லண்டனில் 29. நம் தமிழ்நாடும் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளை 2024 ஜனவரியில் நடத்தியபோது 98 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பிடித்தது. அமெரிக்காவில் விளையாட்டுக்கு என்று ஓர் அமைச்சகமே கிடையாது. கல்லூரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவர்களுடைய ஃபுட்பால் ஆட்டத்தை டிவியில் காட்டி வரும் பணத்தில், டிக்கெட் வாங்கி யாரும் பார்க்க வராத ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் உதவித்தொகையில் படிக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது, பணம் எந்த வயதில் வருகிறது என்பதுதான். கேரளத்தைப் பாருங்கள். 1976இல் கண்ணூரில் அந்த அரசு பெண்களுக்காக விளையாட்டுப் பள்ளி தொடங்கியது. அங்கே சேர்ந்த சிறுமிகளில் ஒருத்தி பி.டி. உஷா. தங்க இடம், சாப்பாடு, பயிற்சிக்கு நம்பியார் சார். எட்டு வருஷம் கழித்து, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் தவறி நான்காம் இடம். 1976இல் அந்தச் சிறுமியிடம் யாரும் "ஜெயிச்சுட்டு வா" என்று சொல்லவில்லை.

இன்னும் பக்கத்தில், நம் மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. பெற்றோரை இழந்து பாட்டி வளர்த்த பிள்ளை. வீட்டுக் கஷ்டத்தில் பயிற்சியே வேண்டாம் என்றார்கள். பயிற்சியாளர் கண்ணன் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். 2016இல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் வெறுங்காலில் ஓடி 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதன்பின் ஷூவும் நல்ல சாப்பாடும் கிடைக்க அவரே வழி செய்தார். டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் நம் நாட்டுக்காக ஓடியது அந்தக் கால்தான். அந்தக் கல்லூரி இடமும் விடுதியும் சரியான நேரத்தில் கிடைக்காமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். முந்தல் பிள்ளை ஞாபகம் வருகிறது.

இது போடிக்காரர்களுக்குப் புரியாத விஷயமில்லை. ஏலக்காய் நாற்று நட்டால் மூன்றாம் வருஷம்தான் காய் கண்ணில் தெரியும். அதுவரை நிழல் கழிக்கணும், தண்ணீர் விடணும், உரம் போடணும். காய்த்துக் காட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்ல மாட்டார். ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் தன் பெயரிலேயே ஒரு கல்லூரியை நடத்துகிற ஊர் இது.

ஆகையால் பிள்ளைகளே, வளைவு வேண்டாம். அந்தப் பணத்தை வங்கியில் தனிக்கணக்காகப் போடுங்கள். வருஷம் இரண்டு பிள்ளைகள் போதும். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற, ஓடத் தெரிந்த, வசதியில்லாத பிள்ளைகள். மூன்று வருஷப் படிப்புக்கும் ஷூ, முட்டை, பால், போட்டிக்குப் போய்வரும் செலவு. பணம் முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போகணும். ரசீதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் தோற்றாலும் நிறுத்தக் கூடாது. இவர்களில் ஒருவர்கூடப் பதக்கம் வாங்காமல் போகலாம். அப்படிப் போனாலும் ஒரு பட்டப்படிப்பு நிற்காமல் முடிந்திருக்கும்.

கணக்கை நானே எழுதுகிறேன். முதல் தவணை என் பென்ஷனிலிருந்து. அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தும் எடுக்காமல் விட்ட பணம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி என்று படுகிறவர்கள் குழுவில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், இப்போது நான் பிரம்பு வைத்துக்கொள்வதில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் கணக்கு வாத்தியார்,
போடிநாயக்கனூர்.