அப்பாச்சி எழும்பவில்லை

"அப்பாச்சி எழும்ப மாட்டேங்குதுடா. செத்துப்போச்சு போல."

எங்களில் ஒருத்தன் இப்படிச் சத்தமாகச் சொன்னதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாயி பதறிப்போய் எழுந்துவிட்டார். "யாரோட அப்பாச்சி தம்பி? எந்த லயம்?"

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலை. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், வெளியே மழை. நாங்கள் மூன்று பேர், ஒரு பழைய லெப்டொப், ஒரு ரவுட்டர். அப்பாச்சி என்பது இணையப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கிற ஒரு சேர்வர் மென்பொருள், 1995இலிருந்து இருக்கிறது. இதை அம்மாயிக்கு விளக்கி முடிப்பதற்குள் எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனா சிரிக்கிற நிலைமை இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். குரலையும் சேர்த்து வைக்கலாமே என்று நாங்கள் ஒரு வருசமாக லயம் லயமாகப் போய்த் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் பதிவுசெய்திருந்தோம். பாடினவங்களுக்கே அதைத் திருப்பிக் கேட்கக் கொடுக்கணும். இங்கே சிக்னல் வரும், போகும். அதனால் இணையமே வேண்டாம், லெப்டொப்பையே சேர்வராக்கிவிட்டால் வந்தவர்கள் தங்கள் போனில் வைபை போட்டுக் கேட்கலாம் என்பதுதான் திட்டம். கெம்பஸ் விடுதியில் எல்லாம் ஒழுங்காக வேலைசெய்தது. பஸ்ஸில் வரும்போது பெட்டரி இறங்கி லெப்டொப் அணைந்துபோனது. இங்கே வந்து போட்டால், எழும்பவில்லை.

அந்த அம்மாயியின் தங்கச்சி பாடிய ஒப்பாரி ஒன்று அதற்குள் இருந்தது. தங்கச்சி இப்போ உயிரோட இல்லை.

உபுண்டுவில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்தால் ஏன் எழும்பவில்லை என்று சில வரிகள் வரும். நாங்கள் முதல் வரியைப் பிடித்தோம்: சேர்வரின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள முடியவில்லையாம். அது வெறும் எச்சரிக்கை, அதனால் எதுவும் நிற்காது. தெரியாமல் 'சேர்வர்நேம்' வரியைச் சேர்த்தோம். பிரயோசனமில்லை. பிறகு கடைசி வரிக்குத் தாவினோம்: லொக் கோப்பைத் திறக்க முடியவில்லை. அடடா, இதுதான் என்று கோப்புறையின் அனுமதியைப் பார்த்தோம், டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தோம். 'கொன்ஃபிக்டெஸ்ட்' போட்டால் எழுத்துப் பிழை எதுவுமில்லை என்கிறது. அப்பாச்சியையே அழித்துத் திரும்பப் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். இணையம் இல்லாமல் எங்கே போய்ப் போடுவது?

கலைப்பீடத்துப் பிள்ளைகள். மூலத்தை முழுசா வாசிக்காமல் முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்து ஒப்படை எழுதுகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

நடுவில் இருந்த வரியை ஒருவழியாக வாசித்தோம். 98ஆம் இலக்கப் பிழை: அந்த முகவரி ஏற்கனவே பாவனையில் இருக்கிறது, 80ஆம் போர்ட்.

முகவரி! எங்கள் லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்துப் பெயருக்குக் கடிதம் வரும், ஒபிசில் கிடக்கும், யாராவது எடுத்து வந்தால் உண்டு. கெம்பஸ் கடிதமே எங்களில் ஒருத்திக்குப் பிந்தித்தான் கைக்கு வந்தது. இங்கே என்னடா என்றால் ஒரு முகவரிக்கு இரண்டு பேர் சண்டை.

ஒரு போர்ட் ஒரு காம்பரா மாதிரி. ஆள் இருந்தால் இன்னொருத்தர் குடிபோக முடியாது. யார் உள்ளே இருக்கிறது என்று 'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' அடித்துப் பார்த்தோம். எஞ்சின்எக்ஸ்! அதுவும் அப்பாச்சி மாதிரி இன்னொரு சேர்வர்.

கொஞ்ச நேரத்துக்கு முந்தி ஒரு தம்பியின் போனில் எஞ்சின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் வந்திருந்தது. "அண்ணா, வேற என்னமோ வருது" என்று காட்டவும் செய்தான். அது சும்மா என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம்தான் ஒருத்தன் மெதுவாக வாயைத் திறந்தான். போன மாதம் எஞ்சின்எக்ஸைப் போட்டுப் பார்த்தது அவன்தான். பிறகு 'ஸ்டொப்' கொடுத்து நிறுத்தியும் விட்டான். ஆனால் 'ஸ்டொப்' அந்த நேரத்துக்கு மட்டும்தான். மறுபடி கணினி எழும்பும்போது அதுவும் கூடவே எழும்பாமல் இருக்க 'டிசேபிள்' கொடுக்கணும். விடுதியில் லெப்டொப்பை நாங்கள் அணைப்பதே இல்லை, மூடித்தான் வைப்போம். அதனால் ஒரு மாதமாகத் தெரியாமலே போயிருக்கிறது.

நிறுத்தினோம், 'டிசேபிள்' கொடுத்தோம், அப்பாச்சியை எழுப்பினோம். ஒரு வரியும் பேசாமல் எழும்பியது. எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. லெப்டொப்பை ஒருதரம் முழுசாக அணைத்துப் போட்டும் பார்த்தோம். எழும்பியது.

அதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். மறுநாள் பிரட்டு, சமைக்கவும் வேணும். அம்மாயி மட்டும் போகவில்லை. பேரனின் போனைக் காதோடு வைத்துக் கேட்டார். முடிந்ததும் நாங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டாவது அடிய விட்டுட்டா," என்றார். "எப்பவும் அத மறந்துருவா." பிறகு அந்த அடியை அவரே பாடினார். நாங்கள் அவசரமாகப் போனை எடுத்துப் பதிவுசெய்தோம்.