உம்மாவின் அறைக்கு எந்த நிறம்?

வீட்டிற்கு வர்ணம் பூசும் வேளையில் உங்கள் இல்லத்தில் மனத்தாங்கல் எழுந்ததுண்டா? எங்கள் இல்லத்தில் எழுந்தது. அதுவும் மூன்று நிறங்களை முன்னிட்டு. அம்மூன்றையும் உங்கள் முன் வைத்தால், "இவற்றில் என்ன வேறுபாடு?" என்றே கேட்பீர்கள்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். மணமான பின்னும் பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது இங்குள்ள வழக்கம். ஆகவே உம்மாவின் அறைக்கு நிறம் தேர்வது தம் உரிமை என ராத்தா எண்ணினார். என் உரிமை என நான் எண்ணினேன். கடையில் கொடுத்த வண்ண அட்டையில் ராத்தா சந்தன நிறத்தைச் சுட்டினார். நான் அதனினும் வெளிறிய தந்த நிறத்தைச் சுட்டினேன். இடையில் பாலாடை நிறம் ஒன்றும் இருந்தது. மூன்றுமே வெண்மையோடு சிறிது பழுப்புக் கலந்தவை. பேச்சு முற்றி, "எல்லாம் உங்கள் விருப்பப்படியே நடக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வர்ணம் பூச வந்த பெரியவர் ஒரு வழி சொன்னார். கட்டைவிரல் அளவுள்ள அட்டையை நம்பாதீர்கள். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதால் அறையில் நிறம் அழுத்தமாகவே தோன்றும் என்றார். இரண்டடிச் சதுரமாக மூன்றையும் சுவரில் இரு பூச்சுப் பூசினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். எனவே மறுநாள் பார்க்கச் சொன்னார்.

பார்த்தோம். காலை வெயிலில் மூன்றும் உடன்பிறப்புகள் போலிருந்தன. நண்பகலில் சிவப்புச் சிமெண்டுத் தரையின் ஒளி பட்டுச் சந்தனம் லேசாகச் சிவந்தது. மஃரிபுக்குப் பின் வெண்ணிற எல்.இ.டி. விளக்கில் என் தந்த நிறம் பச்சை பாய்ந்து சோகை பிடித்ததுபோல் நின்றது. அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அவ்வேளையில் உம்மா வந்து, "ஒரே நிறத்தை ஏம்மா மூன்று இடத்தில் பூசியிருக்கிறீர்கள்?" என்றார். நாங்கள் சிரித்தோம். "மற்றச் சுவரும் இதே மஞ்சள்தானே?" என்று அவர் தொடர்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மற்றச் சுவர்கள் வெள்ளை.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரு கண்களிலும் புரை. கண்ணின் வில்லை மங்கிப் பழுப்பேறும்போது நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் வெண்மையும் மஞ்சளாகத் தெரியும் என்று அவர் விளக்கினார். மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் உரியவருக்கே புலப்படுவதில்லையாம். அருகில் இருந்த எங்களுக்கும் புலப்படவில்லையே! நிறத்துக்காக வாதாடிய நாங்கள், அந்த அறையில் வாழ்பவருக்கு என்ன தெரிகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வர்ண வேலையை நிறுத்திவைத்தோம். ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாட்களில், உம்மா ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் கண்ணுக்கு மஞ்சள்!" என்று குழந்தைபோல் வியந்தார். அல்ஹம்துலில்லாஹ், பின்னர் மறு கண்ணும் தெளிந்தது.

அதன் பிறகே மூன்று சதுரங்களின் முன் அவரை நிறுத்தினோம். தயக்கமின்றிச் சந்தனத்தின் மேல் கை வைத்தார். "இதில்தான் தரையின் சிவப்புத் தெரிகிறது. உங்கள் வாப்பா போட்ட தரை" என்றார். நான் ராத்தாவின் கையைப் பற்றிக்கொண்டேன்.

சகோதரிகளே! வெளிர் நிறங்களுள் ஒன்றைத் தேர்வதாயின் சுவரிலேயே பூசி, காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள். முதியவர் அறையெனில் கதவு நிலைக்கும் மின்விசைப் பலகைக்கும் சுவரினின்று வேறுபட்ட அழுத்தமான நிறம் கொடுங்கள். மங்கிய பார்வைக்கும் அவை புலப்படும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த அறையில் வாழ்பவரை அழைத்து, "உங்களுக்கு இது என்ன நிறமாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள். நாங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி அது.