குச்சுப் பள்ளியிலிருந்து கிருஷ்ணன் கோயில் வரை

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ரயில் நிலையப் படியேறி வெளியே வந்தேன். கடல் கண்ணில் படவில்லை. ஒரு காலத்தில் இந்தத் தெருவோரம்தான் கரை. பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள். கப்பலில் வந்தவர்கள் கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. அடுத்து, கடல் தெய்வம் மாசுவுக்கு ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங். இன்னும் கொஞ்சம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர்களுக்கு அது இன்றும் 'குச்சுப் பள்ளி'.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்தே போய்விடலாம். ஜாமிஆ சூலியா பள்ளிவாசலின் மினாராவையும் மாரியம்மன் கோயில் கோபுரத்தையும் ஒரே படத்துக்குள் அடக்க, ஒரு சுற்றுலாப் பயணி நடைபாதையில் மண்டி போட்டிருந்தார். நானும் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது: ஜாமிஆவில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில், மாரியம்மன் கோயிலை 1827-இல் தொடங்கிய நாராயண பிள்ளையும் தமிழர். மதம் இரண்டுதான், பேச்சு ஒன்று. இங்கே மதம் மதத்தோடு ஒட்டி வாழ்கிறது, சரி. இனம் இனத்தோடு?

சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் வாடகைக்கு அறை தேடினேன். தொலைபேசியில் என் பேரைச் சொன்னதும், ஒரு நிமிடம் முன்பு வரை காலியாக இருந்த அறைக்கு ஆள் வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரரும் ஏதோ ஒரு சாமியைக் கும்பிடுகிறவராகத்தான் இருந்திருப்பார்.

மதத் தலைவர்கள் ஒன்றுகூடுவது இங்கே புதிதல்ல. சர்வ சமய அமைப்பு 1949-லேயே தொடங்கிவிட்டது. அப்படியும் 1964 ஜூலை 21 அன்று, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மூண்ட கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். மேலே இருப்பவர்கள் கைகுலுக்கினால் மட்டும் தெருவில் கல் நின்றுவிடுவதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல் அரசு தொகுதிக்குத் தொகுதி இன நம்பிக்கை வட்டங்களை அமைத்தபோது, பேட்டை அளவில் இருப்பவர்களைக் கூட்டியதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீனக் கோயில், குலச் சங்கம் எல்லாவற்றிலிருந்தும் ஆள் வருவார்கள்.

கோயில் வாசலில் பேச்சுக் கொடுத்த பெரியவர் ஒருவர் இதை இன்னும் எளிதாகச் சொன்னார். "வதந்தி கெளம்புன ராத்திரியில பள்ளிவாசல்காரர் நம்பரத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா தம்பி? அது முந்தியே கைப்பேசியில இருக்கணும்." வாடகை அறைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அதுக்காக எந்தக் குழுவும் கூட்டம் போடாது. நம்ம ஆளுங்க மட்டும் யோக்கியமா? மகன் மலாய்க்காரப் பொண்ணக் கட்டிக்கிறேன்னா எத்தனை வீட்ல வெளக்கேத்துவாங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

மறுபடி ரயில் பிடித்து பூகிஸில் இறங்கி, வாட்டர்லூ தெருவுக்குப் போனேன். தாமரை விற்கும் கடைகள், ஊதுபத்திப் புகை, கூட்டம் எல்லாம் குவான் இம் கோயிலுக்கு வந்தவை. ஆனால் புகை அங்கேயே நிற்பதில்லை. பக்கத்திலேயே 1870-இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயில். குவான் இம்மை வணங்கிய சீனர்கள் அடுத்த நடையிலேயே இதன் வாசலுக்கு வந்து, ஊதுபத்தியை மூன்று முறை உயர்த்தித் தாழ்த்துகிறார்கள். அதைச் செருகுவதற்கென்றே அங்கே சாம்பல் நிறைந்த கலயமும் இருக்கிறது. இதை எந்தக் குழுவும் தீர்மானம் போட்டுத் தொடங்கியதாகத் தெரியவில்லை.

வெறுங்கையோடு நின்ற என்னை ஒரு சீனப் பாட்டி ஏற இறங்கப் பார்த்தார். தன் கட்டிலிருந்து மூன்று குச்சிகளைப் பிரித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிடிக்கும் முறை தப்பு போலிருக்கிறது. என் விரல்களை அவரே திருத்தி வைத்துவிட்டு, கலயத்தருகே எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.